லண்டன் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி: எந்த ஃபாதரிடம் கையெழுத்து வாங்குவது?

ஹரோ அம்மா:
மகன் அடுத்த வருடம் ஏழாம் ஆண்டு, செகண்டரி பள்ளி தொடங்குகிறான். பக்கத்தில் உள்ள கத்தோலிக்க ஆண்கள் பள்ளிக்குப் போட நினைக்கிறோம். ஆனால் நாங்கள் ஞாயிறு போவது தமிழ்ப் பூசைக்கு, அது வேறு பங்குக் கோயிலில். வீட்டுப் பங்கு ஃபாதரிடம் போனால், உங்களைப் பார்த்ததே இல்லையே என்று, நாங்கள் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டிய பள்ளி ஃபோமைத் திருப்பித் தந்துவிட்டார். தலைமை ஆசிரியரைப் பிடித்தால் ஏதாவது நடக்குமா?

முன்னாள் பள்ளி கவர்னர்:
நடக்காது. வாலன்டரி எய்டட் பள்ளியென்றால், அதாவது அரசுப் பணத்தில் நடக்கும் திருச்சபைப் பள்ளியென்றால், யாருக்கு இடம் என்று முடிவெடுப்பது கவர்னிங் பாடி என்கிற நிர்வாகக் குழு. அதில் ஆயர் நியமிக்கும் ஃபவுண்டேஷன் கவர்னர்மார், மற்றவர்களை எல்லாம் சேர்த்து எண்ணினாலும் அவர்களைவிட இரண்டு பேர் அதிகமாகவே இருப்பார்கள், சட்டமே அப்படி. ஆனால் அவர்களும் முன்கூட்டியே வெளியிட்ட விதிப்படிதான் பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டும். நேர்முகம் வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. ஊரில் ஃபாதர் எழுதித் தந்த துண்டோடு போய் நிற்பதுபோல இங்கே எடுபடாது.

பல பள்ளிகள் கேட்பது 'சர்டிஃபிகேட் ஆஃப் கத்தோலிக் பிராக்டிஸ்', குடும்பம் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறது என்று ஃபாதர் தரும் சான்றிதழ். வீட்டுப் பங்கு ஃபாதர்தான் தர வேண்டுமென்றில்லை, நீங்கள் பூசைக்குப் போகும் கோயிலுக்குப் பொறுப்பான ஃபாதரும் தரலாம். பெற்றோரில் ஒருவராவது குறைந்தது 5 வருடமாக ஞாயிறு, கடன் திருநாள் பூசைகளுக்கு ஒழுங்காக வந்திருக்கிறார், மகனும் 7 வயதிலிருந்து வந்திருக்கிறான் என்று அவருக்குத் திருப்தியாக வேண்டும். தமிழ்ப் பூசை வைப்பவரும் அந்தக் கோயில் பங்குத் தந்தையும் வேறு வேறு ஆளென்றால், யார் கையெழுத்து செல்லும் என்று பள்ளி அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பையன்களின் அப்பா:
ஃபோம் இரண்டு, மறக்காதீர்கள். கவுன்சிலுக்கு ஆன்லைனில் போடுவது ஒன்று, கடைசி நாள் அக்டோபர் 31. ஞானஸ்நானம், பூசை விவரங்களை எழுதிப் பள்ளிக்கே நேரடியாகக் கொடுக்கும் சப்ளிமென்டரி ஃபோம் இன்னொன்று. மூத்தவனுக்கு முதலாவதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஃபாதரின் கையெழுத்தோடு மற்றது ஃபிரிட்ஜில் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்ததை நவம்பரில் மனைவிதான் கண்டாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, ஆனால் அந்த ஃபோம் போய்ச் சேராததால் முன்னுரிமை வரிசையில் கடைசிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். மார்ச் 1 வந்த மின்னஞ்சலில் வேறு பள்ளியின் பெயர். அப்பீல் பண்ணினோம், அதை விசாரித்த மூவரும் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள், இடம் கிடைக்கவில்லை.

ஹரோ அம்மா:
ஐயோ. சரி, இந்த ஞாயிறு பூசை முடிய அந்த ஃபாதரைக் கேட்கிறேன். பீடத்தில் உதவி செய்கிறபடியால் மகனை அவருக்கு நன்றாகத் தெரியும். நான்தான் கடைசி வாங்கில் இருந்துவிட்டு கார் பார்க்கிங்குக்கு ஓடுகிற ஆள்.