தோட்டத்து மழைப் புத்தகத்தோடு என் மொடல் ஏன் ஒத்துப்போக மாட்டேன் என்கிறது?

மவுசாகலை எழுதியது:

பேராதனையில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்து இரண்டு வருடம் ஆகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும். தலவாக்கலையில் அதில் பாதிகூட வராது. ஆனால் ஐரோப்பிய வானிலை நிலையம் கடந்தகால வானிலையைக் கணினியில் மீட்டெடுத்துத் தருகிற ஈஆர்ஏ5 தரவில் ஒரு கட்டமே சுமார் 31 கிலோமீற்றர், இரண்டு ஊரும் அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். அதை உடைத்து மலைக்கு மலை மழை சொல்ல ஒரு நியூரல் நெட்வேர்க்கைப் பழக்குகிறேன்.

சும்மா பழக்கினால் அது காற்றில் இல்லாத தண்ணீரையும் கொட்டிவிடும். அதனால் ரெய்சி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் மூவரும் 2019இல் வெளியிட்ட வழியை ஒட்டி, பிழைக் கணக்குக்குள் பௌதிகத்தையும் சேர்த்தேன். உள்ளே வந்த நீராவி, வெளியே போனது, நிலத்திலிருந்து ஆவியானது, காற்றிலேயே தங்கியது எல்லாம் பார்த்தால் மிச்சம் மழையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டம்.

ஒத்துப்பார்க்க என்னிடம் இருப்பது மஸ்கெலியாப் பக்கம் அப்பா வேலை செய்த தோட்டத்தின் மழைப் புத்தகம். 1961இலிருந்து தொடங்குகிறது, பாதி அங்குலத்தில், பாதி மில்லிமீற்றரில், ஓரமெல்லாம் கரப்பான் தின்றது. பிரச்சினை இதுதான்: தண்டம் போட்ட மொடலைவிடப் பௌதிகமே தெரியாத மொடல் இந்தப் புத்தகத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. இரண்டுக்கும் மூன்று நாள் காற்றும் ஈரமும்தான் கொடுக்கிறேன். மேற்பார்வையாளர் தண்டத்தைக் குறைக்கச் சொல்கிறார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. யாராவது இப்படிப் பட்டிருக்கிறீர்களா?

பனிமூட்டம் எழுதியது:

பட்டிருக்கிறேன். முதலில், ஈஆர்ஏ5இல் நீர்க் கணக்கு சரியாக மூடாது, வரவும் செலவும் பொருந்தாது. அவதானிப்புகளை உள்ளே எடுத்து மொடலை அடிக்கடி திருத்துகிறார்கள், அந்தத் திருத்தம் எந்தச் சமன்பாட்டிலும் இல்லாத தண்ணீரைக் கூட்டும், கழிக்கும். மூடாத கணக்கை மூடு என்று தண்டம் போட்டால் மீதியெல்லாம் மழையின் தலையில் விழும். அந்த மூடாத மிச்சத்துக்கு என்று சமன்பாட்டில் தனியாக ஓர் உறுப்பு விட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எந்த 24 மணித்தியாலம்? உலகப் பொது நேரத்தின் பூச்சியம் மணி நமக்குக் காலை 5.30. தோட்டத்தில் எத்தனை மணிக்கு அளந்தார்கள்? 1996 முதல் 2006 வரை நாட்டில் மணிக்கூட்டையே முன்னே தள்ளி வைத்திருந்தார்கள், அதையும் மறக்காதீர்கள்.

என் ஆசையைக் கேட்டால், 2024இல் வந்த நியூரல்ஜிசிஎம் என்ற வானிலை மொடலைப் போலப் பெரிய காற்றோட்டத்தைச் சமன்பாடாகவே தீர்த்து, மேகம் போன்ற சின்னவற்றை மட்டும் பழக்குவதுதான் அழகு. ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதைப் பேசி என்ன பயன், சரி விடுங்கள்.

மவுசாகலை எழுதியது:

அளந்த நேரம் புத்தகத்தில் எங்குமே இல்லை. தேதி, அளவு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

பழைய கிளாக்கர் எழுதியது:

மகள், உங்கள் நெட்வேர்க் எனக்கு விளங்காது. ஆனால் மழை எழுதினவன் நான். உங்கள் தோட்டத்தில் இல்லை, பொகவந்தலாவைப் பக்கம், 1970இலிருந்து 31 வருசம்.

காலையில் பிரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிறது, முடிந்து ஆபீஸ் திறந்ததும், எட்டு எட்டரை வாக்கில், மழைமானியில் இருக்கிற தண்ணியைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்ப்போம். பார்த்த தேதியிலேயே எழுதிவிடுவோம். அதாவது நேற்றுப் பகலும் ராத்திரியும் பெய்தது இன்றைய தேதியில் நிற்கும். ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேர இடிமழைதானே அதிகம், அது முழுக்க மறுநாள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மானிப் பக்கம் யாரும் போகமாட்டோம். திங்கள் காலை இரண்டு நாள் தண்ணி சேர்ந்து கிடக்கும், தீபாவளி ஒட்டி வந்தால் மூன்று நாள். ஞாயிறு பூச்சியம் என்று இருந்தால் மழை இல்லை என்று எடுத்துவிடாதீர்கள். ஆனால் 1966 முதல் 1971 வரை ஞாயிறு லீவு கிடையாது, நிலவின் கட்டத்தைப் பார்த்து வருகிற போயா லீவுதான். நான் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. அந்த வருசங்களுக்குப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்று, மானிக்குப் பக்கத்தில் டர்பன்டைன் மரம் இருக்கிறதா? எங்கள் மானி வருசா வருசம் குறைத்துக் காட்டியது, மரம் வளர்ந்ததுதான் காரணம். அது தெரியாமல் துரை என்னைத்தான் ஏசினார்.

மவுசாகலை எழுதியது:

கிளாக்கர் ஐயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ராத்திரியே கிழமை வாரியாகச் சராசரி போட்டேன். ஞாயிறு தரையில், திங்கள் மலை மாதிரி. 1966க்கும் 1971க்கும் நடுவே மட்டும் அந்த மேடு பள்ளம் காணாமல் போய், வெற்று நாட்கள் நிலவோடு நகர்கின்றன.

மணிக்கு மணி இருக்கும் ஈஆர்ஏ5 தரவை எடுத்து, முதல் நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை கூட்டினேன், மணிக்கூடு மாறிய வருடங்களுக்குத் தனியாக. ஞாயிறு திங்களை ஒரே தொகையாகப் பிடித்தேன். மறுபடி பழக்கியபோது பௌதிக மொடல் முன்னுக்கு வந்துவிட்டது. மற்றது இவ்வளவு நாளும் நேற்றைய மழையை இன்றைக்குத் தள்ளப் பழகியிருக்கிறது, மூன்று நாள் கொடுத்தது அதற்கு வசதியாகப் போய்விட்டது. தண்டம் இருந்த மொடலுக்கு அப்படித் தள்ள வழியில்லை, அதனால்தான் தோற்றது போலத் தெரிந்தது.

ஜூன் மாதப் பெருமழை நாட்கள் இன்னும் குறைவாகத்தான் வருகின்றன. மலை முகடே இல்லாத 31 கிலோமீற்றர்க் கட்டத்திலிருந்து அதை எப்படி எடுப்பது என்று பார்க்க வேண்டும். பனிமூட்டம், மிச்சத்தைத் தனியாக விட்ட உங்கள் கோட் இருந்தால் அனுப்புங்கள்.

ஐயா, மரம் இருக்கிறது. எந்த வருடம் நட்டது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.