டிஷ்ஷைக் கழட்டிட்டு வீட்டில எல்லாரையும் நெட்டுக்கு மாத்தலாமா?

கல்லடிக்காரன்:
வீட்டில ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு டிஷ், ஒரு 4ஜி ரவுட்டர். பிள்ளைகள் டிவிக்கு முன்னால இருந்துகொண்டே போனில யூடியூப் பார்க்குதுகள். டிஷ் அம்மம்மாக்கு மட்டும்தான்: பின்னேரம் சீரியல், இடையில நியூஸ். ரெண்டு பக்கமும் காசு கட்டுறம். டிஷ்ஷை நிப்பாட்டினா என்ன சிக்கல் வரும்? மற்றது, ஓடுற சீரியல் நடுவில மறைஞ்சு பிள்ளைகள்ட வீடியோ தானா வருது. ஏன்?

வாவிக்கரை:
கழட்டாதீங்க. முதல்ல மணித்தியாலத்தை எண்ணிப் பாருங்க. பெரியாக்கள் டிவியைப் பார்க்கிறதை விட ஓட விடுறதுதான் கூட. குசினியில நின்டு காதால கேட்டாலும் டேட்டா போகும். நெட்டில சாதாரணத் தரத்துக்கு மணித்தியாலத்துக்கு 1 ஜிபி வரைக்கும், எச்டிக்கு 3 ஜிபி வரைக்கும் போகலாம். நாளைக்கு 5 மணித்தியாலம் என்டா மாசம் 150 இலிருந்து 450 ஜிபி. டிஷ்ஷுக்கு இந்தக் கணக்கே இல்ல.

பிள்ளைகள் போனில 480பி வைச்சாலே போதும், சின்னத் திரையில குறை தெரியாது. அதையே 43 இஞ்ச் டிவியில போட்டா முகமெல்லாம் கலங்கும்.

இன்னொன்டு, அம்மம்மா பார்க்கிறது நேரத்தை. 2006இலிருந்து நம்மட இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணி, சீரியல் நேரத்துக்குத்தான் விளக்கும் தேத்தண்ணியும். சின்னாக்கள் தேடி எடுத்துப் பார்க்கிறவங்க. தேடு என்டு அவட கையில ரிமோட்டைக் குடுத்தா டிவியே வேணாம் என்டுவா.

சிக்னல்_தம்பி:
சீரியல் மறையிற விஷயம். டிவியில தனி காஸ்ட் ஸ்டிக் (போனில பார்க்கிற வீடியோவை டிவியில காட்டுற சின்னச் சாமான்) குத்தியிருந்தா அது எச்டிஎம்ஐ சிஇசி வேலை, அதாவது எச்டிஎம்ஐயில குத்தின சாமானும் டிவியும் ஒன்டையொன்டு இயக்கிற வசதி: போனில காஸ்ட் அமத்தின உடன ஸ்டிக் டிவியைத் தன்ட பக்கம் இழுத்துப் போடும். செட்டிங்ஸில சிஇசியை ஓஃப் பண்ணுங்க. சாம்சங்கில எனிநெட்+, எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க் என்டு இருக்கும். பிறகு டிவி ரிமோட்டால ஸ்டிக்கை இயக்கேலாது, அதைச் சொல்லி வைங்க.

ஸ்டிக் இல்லாம டிவிட யூடியூபுக்கே காஸ்ட் போகுது என்டா, ரவுட்டரில கெஸ்ட் வைபை (வாற ஆக்களுக்கெண்டு பிரிச்சு வைக்கிற வைபை) திறந்து டிவியை மட்டும் அதில போடுங்க. பெரும்பாலும் போன்களுக்கு டிவி பிறகு தெரியாது.

ரிமோட்டில சோர்ஸ் பட்டனுக்கு மேல ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. "டிவி பழுதாப் போச்சு" என்ட முறைப்பாட்டில பாதி அந்தப் பட்டன்தான்.

அக்கரைப்பற்று_காக்கா:
டிஷ்ஷை வைச்சிருக்கிறதென்டா மாரிக்கு முதல் வயரைப் பாருங்க தம்பி. பெருமழை நேரம் படம் கொஞ்சம் போறது கேயூ பேண்ட்ட (டிஷ்ஷுக்கு வாற அலைவரிசை) இயல்பு, ஆளைக் கூப்பிடத் தேவையில்ல. மழை விட்டும் வரல்ல என்டாத்தான் பழுது. கடலோரத்தில கூடுதலா எல்என்பிக்கு (டிஷ்ஷுக்கு முன்னால நிக்கிற சிக்னல் பிடிக்கிற தலை) கீழ, வயரைப் பூட்டுற எஃப் கனெக்டர் உப்புக்காத்தில பச்சை பிடிச்சிருக்கும். பொக்ஸை ஓஃப் பண்ணி, கறுத்துப் போன வயர் நுனியில 2 இஞ்ச் வெட்டி எறிஞ்சு, புது கனெக்டர் பூட்டி ரப்பர் டேப் சுத்துங்க. வயரைக் கீழ ஒரு வளைவு விட்டுக் கட்டுங்க, தண்ணி அதில சொட்டிப் போயிரும்.

கல்லடிக்காரன்:
டிஷ் கிடக்கட்டும். பெக்கேஜைக் குறைக்கலாமா?

வாவிக்கரை:
தாராளமா. ஒரு கிழமை அவ பார்க்கிற சனலை எழுதி வைங்க, கன பேருக்கு நாலைஞ்சுக்கு மேல வராது. அதெல்லாம் இருக்கிற சின்னப் பெக்கேஜுக்கு இறங்குங்க. உள்ளூர்த் தமிழ் நியூஸ் சனலும் அதில இருக்கா என்டு பார்த்திட்டு மாத்துங்க. புயல் எச்சரிக்கை வாற மாசங்களில அவ அதைத்தான் கேட்பா.