தச்சுக் கருவிகளுக்குச் சுவர் அலமாரி: கதவின் பாரமும் கடற்காற்றும்

முத்துநகர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் கடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டு அறையை, பணி ஓய்வுக்குப் பிறகு தச்சுப் பட்டறையாகப் பயன்படுத்தி வருகிறேன். மூன்று இழைப்புளிகள், ஒன்பது உளிகள், இரண்டு கைவாள்கள், மூலைமட்டம், அரங்கள், கொட்டாப்புளி எல்லாம் இதுவரை ஒரே தகரப் பெட்டிக்குள் கிடந்தன. ஒன்றை எடுக்க ஐந்தை வெளியே வைக்க வேண்டும்; உளிகளின் வாய் ஒன்றோடொன்று மோதிச் சிதைகிறது. இம்முறை மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது பெரிய இழைப்புளியின் அடிப்பாகம் முழுவதும் துருவேறியிருந்ததைக் கண்டு மனம் நொந்துபோனேன்.

ஆகவே, 4 அடி உயரம், 3 அடி அகலம், 8 அங்குல ஆழத்தில் ஒரு சுவர் அலமாரி செய்ய எண்ணியிருக்கிறேன். அமெரிக்காவில் பியானோ தயாரிப்புத் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி என்பவர், மூடினால் 39 அங்குலத்துக்கு 20 அங்குலம் மட்டுமே உள்ள பெட்டியில் சுமார் 300 கருவிகளை அடுக்கி வைத்திருந்த படத்தைப் பார்த்ததிலிருந்து, கதவுகளுக்குள்ளும் கருவிகளைத் தொங்கவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. எனவே இரு கதவுகளையும் 4 அங்குல ஆழமுள்ள பெட்டிகளாகவே செய்யலாமா? எந்தப் பிளைவுட் வாங்குவது? செங்கல் சுவர் இந்தப் பாரத்தைத் தாங்குமா? துருவுக்கு என்ன வழி?

கோவைத் தச்சன்:

வணக்கம் ஐயா. பலகையை அறுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 4 அடிக்கு 3 அடி அளவில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, எல்லாக் கருவிகளையும் அதற்குள் பரப்பிப் பாருங்கள். கருவி இருக்கும் இடத்தோடு, அதைக் கைவிட்டு எடுக்கும் இடமும் வேண்டும். உளியை மேல்நோக்கி உருவுவதற்கு அதன் நீளத்தில் பாதியாவது மேலே வெற்றிடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் விரல் மேல்தட்டில் இடிக்கும். நான் செய்த முதல் அலமாரியில் இதைக் கவனிக்காமல் விட்டு, ஓராண்டுக்குப் பின் தட்டுகளைக் கழற்றி மாற்றினேன்.

இழைப்புளிகள்தான் அதிக எடை. அவற்றைக் கதவில் வைக்க வேண்டாம். அலமாரியின் உடற்பகுதியில், கீழ்த்தட்டில், ஒரு சாய்வுப் பலகையின் மேல் சாய்த்து வையுங்கள். கைப்பிடியோடு சேர்த்து 6 அங்குல உயரம் இருக்கும் என்பதால் உங்கள் 8 அங்குல ஆழம் சரியாகவே அமையும். கதவுகளுக்கு வாள், மூலைமட்டம், உளி போன்ற தட்டையான கருவிகள் போதும். கதவை மூடும்போது அதிலுள்ள கருவியும் உள்ளேயுள்ள கருவியும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் ஓரங்குலமாவது விடுங்கள்.

ஸ்டட்லியின் பெட்டியை நானும் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் அச்சுப் போல இடம் குடைந்தால், நாளை வாங்கும் புதிய உளிக்கு இடம் இருக்காது. தாங்கிகளைப் பசையிட்டு ஒட்டாமல் திருகால் மட்டும் பொருத்துங்கள். ஆறு மாதம் வேலை செய்த பிறகு எது கைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மரக்கணக்கு: 8 அடிக்கு 4 அடி பிளைவுட், 18 மில்லிமீட்டரில் ஒன்றும் 12 மில்லிமீட்டரில் ஒன்றும் போதும். முதல் பலகையை நீளவாக்கில் 8 அங்குலத்தில் மூன்று பட்டைகளாகவும் 4 அங்குலத்தில் மூன்று பட்டைகளாகவும் அறுத்தால், உடல் சட்டம், இரு தட்டுகள், கதவுச் சட்டங்கள் எல்லாம் வந்துவிடும். மீதிப் பட்டையில் இன்னொரு தட்டும், அலமாரியைச் சுவரில் மாட்டுவதற்கான பட்டைகளும் கிடைக்கும். இரண்டாவது பலகை முதுகுக்கும் கதவு முகங்களுக்கும். வாள் தின்னும் மூன்று மில்லிமீட்டரைக் கணக்கில் கொண்டு உயரத்தை 3 அடி 11 அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரம் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்கினால் போதும். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு, ஈரத்தை இன்னும் அதிகமாகத் தாங்கும் ஐ.எஸ். 710 மெரைன் பிளை அவசியமில்லை என்பது என் கருத்து.

கட்டுமானக்காரன்:

பாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலி அலமாரி ஏறத்தாழ 40 கிலோ வரும். கருவிகளோடு சேர்த்தால் இரண்டு சிமெண்டு மூட்டை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கதவுகளைத் திறக்கும்போது அவற்றின் எடை சுவரைவிட்டு விலகி முன்னால் வருவதால், மேல்திருகுகளை வெளியே இழுக்கும் விசையும் கூடுகிறது. எனவே 18 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரிச் சாய்வில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியை அலமாரியின் முதுகில் மேல்விளிம்பை ஒட்டியும் பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிடுங்கள். சுவர்ப் பட்டைக்கு நான்கங்குலத் திருகுகள் ஐந்தாவது வேண்டும். பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது, திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளக் செங்கலுக்குள் இரண்டங்குலம் இறங்க வேண்டும். கீழே அதே கனத்தில் ஒரு பட்டை கொடுத்து, இரண்டு திருகுகளால் இறுக்கிவிடுங்கள்.

கதவு ஒவ்வொன்றும் கருவிகளோடு 20 கிலோவை எட்டும். கதவின் உயரம் முழுவதும் ஒரே துண்டாக ஓடும் பியானோ கீல்தான் பொருத்தமானது. பிளைவுட்டின் விளிம்பில் நேரடியாகத் திருகு ஏற்றினால் அடுக்குகள் பிளந்துகொள்ளும் என்பதால், கீல் வரும் பக்கங்களில் முக்கால் அங்குலத் தேக்குச் சட்டத்தைப் பசையிட்டு ஒட்டி, உலர்ந்தபின் அதில் திருகுங்கள்.

உப்புக்காற்று:

நான் நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். ஐயாவின் துயரம் எனக்குப் பழகியது. காற்றிலுள்ள உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் துரு தொடங்கிவிடும். வியர்வைக் கையும் அதே வேலையைச் செய்கிறது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி வையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கதவின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் நிறம் மாறும் வகையை வைத்து, அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உட்புறத்தில் வெல்வெட் துணி ஒட்டாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை இரும்போடு சேர்த்துப் பிடித்து வைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: அந்த அறையில் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலோ இன்வெர்ட்டர் பேட்டரியோ இருக்கிறதா? மூடியிருந்தாலும் ஆசிட்டின் ஆவி கசிந்து, சில வாரங்களிலேயே இரும்பை அரித்துவிடும். என் கருவிகள் ஏன் துருவேறின என்று இரண்டு ஆண்டுகள் புரியாமல் இருந்தேன். அலமாரியின் அடியில் இருந்த ஆசிட் பாட்டிலை அகற்றிய பிறகே நின்றது.

முத்துநகர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உப்புக்காற்று அவர்களின் கேள்வியைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். தகரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆசிட் பாட்டில்கள் இரண்டு இருந்தன. அவற்றை இப்போதே வெளியே வைத்துவிட்டேன். இழைப்புளிகளைக் கதவிலிருந்து உடற்பகுதிக்கு மாற்றி வரைபடத்தைத் திருத்துகிறேன். நாளை தரையில் கோடு போட்டுப் பரப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே பிளைவுட் கடைக்குச் செல்வேன்.