நர்ஸ் வேலை இன்டர்வியூ: "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது?

கேள்வி: ஈரக்குடை

படிப்பு முடிந்து நாலு மாதம் ஆகிறது. பதிவும் வாங்கிவிட்டேன். இதுவரை மூன்று இன்டர்வியூ. மூன்றிலும் "சொல்லி அனுப்புகிறோம்" தான். முதல் இரண்டில் பதற்றத்தில் உளறினேன், அது சரி. மூன்றாவதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் அதில் நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரில் மூன்று பேர். நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஒரு வார்டு இன்சார்ஜ், எச்.ஆர். ஆள் ஒருவர். இன்சார்ஜ்தான் நிறையக் கேட்டார். 1000 மில்லி சலைன், 8 மணி நேரத்தில் போகவேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மனக்கணக்காகவே 42 என்றேன். பெருமையாக இருந்தது. "எந்த செட்டில்?" என்றார், அதாவது சலைன் ஏற்றும் எந்தக் குழாயில். முழித்தேன்.

அடுத்தது, படிக்கும்போது செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள். "அப்படி எதுவும் இல்லை மேடம், நான் ரொம்பக் கவனமாக இருப்பேன்" என்றேன். அவர் பேனா மூடியைப் போட்டு மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகு எச்.ஆர். மட்டும்தான் பேசினார்.

உண்மையைச் சொன்னால் ஒன்று உண்டு. மூன்றாம் வருடம், அடுத்தடுத்த படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். கையில் வைக்கப்போகும்போது பக்கத்தில் இருந்த அவருடைய மகள், "அப்பாவுக்கு பிரஷரே கிடையாதே" என்றார். ஓடி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதைப் போய் இன்டர்வியூவில் சொல்ல முடியுமா?

பதில்: பன்னிரண்டுபடுக்கை

சொல்லலாம். சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த மேஜையின் மறுபக்கத்தில் ஆறு வருடமாக உட்கார்கிறேன், பேனாவை மூடும் பழக்கம் எனக்கும் உண்டு.

முதலில் சொட்டுக் கணக்கு. உங்கள் 42 சரிதான், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால். 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் 125 ஆகிவிடும், அதை நின்று எண்ண யாராலும் முடியாது. செட்டின் கவரிலேயே அச்சடித்திருப்பார்கள், பிரிக்கும்முன் பார்க்கவேண்டும். "20 சொட்டு செட் என்று வைத்துக்கொண்டால் 42" என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். பெருக்கல் வகுத்தல் தெரியுமா என்று பார்க்க அதைக் கேட்பதில்லை, கால்குலேட்டர் எல்லா வார்டிலும் இருக்கிறது.

இப்போது தவறு. தவறே செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். ஒன்று, செய்தது தெரியவில்லை. இல்லையென்றால் தெரிந்தும் மறைக்கிறார். இரண்டு பேரையும் நைட் ஷிப்டில் தனியாக விட முடியாது.

உங்கள் பெரியவர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு ஒரே பெயரில் இல்லை, "நீங்கதானே?" என்ற கேள்வியில் இருக்கிறது. காது மந்தமானவர், அரைத்தூக்கத்தில் இருப்பவர், பயந்தவர், எல்லோரும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் சொல்லுங்க" என்று அவர் வாயால் வரவைத்து, பிறந்த தேதியையோ பதிவு எண்ணையோ கைப்பட்டையிலும் மருந்துச் சீட்டிலும் ஒத்துப் பார்க்கவேண்டும். இதை நீங்களே அந்த மேஜையில் சொன்னால், எனக்கு நீங்கள் கிடைத்துவிட்டீர்கள். யாரிடமும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று பயத்தில் விட்டேன், இன்று என்றால் மருந்து போய்ச்சேராவிட்டாலும் இன்சார்ஜிடம் சொல்லிப் பதிவு செய்வேன், அடுத்த ஷிப்டுக்கு அந்த இரண்டு படுக்கை பற்றித் தெரியவேண்டும் என்று.

ஒரே நாளில் வந்த இரண்டு பேரை மறக்க முடியாது. கேள்வி டிகாக்ஸின், இதயத்துடிப்பை மெதுவாக்கும் மருந்து. பையன் பாடத்தை அப்படியே சொன்னான்: ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணவேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்கக்கூடாது. அருமை. "டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார், துடிப்பு 54, என்ன செய்வாய்?" என்றேன். "எழுதியிருந்தால் கொடுத்துவிடுவேன்" என்றான். அடுத்து வந்த பெண்ணுக்கு அந்த 60 ஞாபகம் வரவில்லை. "எண்ணிப் பார்க்கணும்னு தெரியும் மேடம், எத்தனைன்னு மறந்துட்டேன். கேட்காம கொடுக்க மாட்டேன்" என்றாள். அவள் இப்போது என் வார்டில்தான் இருக்கிறாள்.

இன்னொன்றுக்கும் தயாராகுங்கள். இரவு 2 மணி, பேஷன்ட் மூச்சுவாங்குகிறார், என்ன செய்வீர்கள்? "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவர் வரும்வரை? நிமிர்த்தி உட்காரவையுங்கள், அவரை விட்டு நகராமல் உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள், ஆக்சிஜன் அளவு, மூச்சு, நாடி, பிரஷர் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவரா என்று சார்ட்டைப் பாருங்கள், அவர்களுக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரைதான் வழக்கமான இலக்கு, 98க்கு ஏற்ற நினைக்கக்கூடாது. பிறகு போனில் எஸ்பார் முறையில் சொல்லுங்கள். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களிடமிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது: நிலைமை, பின்னணி, நீங்கள் பார்த்தது, உங்களுக்கு வேண்டியது. "ஆறாம் படுக்கை நல்லா இல்லை டாக்டர்" என்றால் அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ஆறாம் படுக்கை, நேற்று வயிற்று ஆபரேஷன் ஆனவர், பத்து நிமிடமாக மூச்சு 28, ஆக்சிஜன் 88, நீங்கள் இப்போது வந்து பார்க்கவேண்டும்" என்றால் எழுந்துவிடுவார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

பதில்: நைட்டுடூட்டி

சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் சின்னதாக ஒரு எச்சரிக்கை. அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லா மேஜையிலும் அக்கா மாதிரி ஆள் இருக்கமாட்டார். நான் தவறைச் சொன்னபோது எச்.ஆர். முகமே மாறியது, நர்சிங் சூப்பரின்டென்டென்ட்தான் காப்பாற்றினார். அதனால் பேஷன்ட்டுக்குப் போய்ச்சேராமல் தடுத்த ஒன்றைச் சொல்லுங்கள், உங்களுடையது அப்படித்தானே. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், அழாதீர்கள். நான் அழுதேன்.

அப்புறம், "ஏதாவது கேட்கணுமா?" என்றால் இல்லை என்று எழுந்து வராதீர்கள். எத்தனை வாரம் சீனியரோடு போடுவீர்கள், இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை பேஷன்ட் என்று கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பினால் அந்த வேலையைப் பற்றி யோசியுங்கள்.

ஈரக்குடை

இரண்டு பேருக்கும் நன்றி. வியாழக்கிழமை அடுத்தது இருக்கிறது. நேற்று ராத்திரி தங்கையை டாக்டராக வைத்து எஸ்பார் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் "நீங்கள் வந்து பார்க்கவேண்டும்" என்பதை விட்டுவிட்டேன். நாலாவது தடவை சொன்னபோது அவள் தூங்கியிருந்தாள். எழுப்பிச் சொன்னேன்.