ராத்திரி அலறும் அலாரம், வீணாய் ஓடும் வண்டி: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பெருமாள்புரம் சங்கச் செயலாளர்

கடை, வங்கி, ஏ.டி.எம்., அடுக்ககம் என்று எங்கே பார்த்தாலும் அலாரம் வந்தாச்சு. அது ராத்திரி இரண்டு மணிக்கு அலறினால் யார் வந்து நிறுத்துவது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிவதில்லை. இன்னொரு பக்கம், ஒன்றுமில்லாத இடத்துக்குப் போலீஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் வந்து திரும்புகின்றன. வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஊர்க்கதை வேண்டாம், எது கெடுகிறது, ஏன் கெடுகிறது, யாரிடம் போகணும் என்ற விவரம் போதும்.

வண்ணார்பேட்டை சர்வீஸ்

அண்ணாச்சி, ராத்திரி அலறுகிற அலாரத்தில் திருடன் இருப்பது அபூர்வம். முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

கடை அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பேனல் என்று பெயர். அதில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம்மூர் சித்திரை வெயிலில், ஷட்டர் போட்ட கடைக்குள், பரண்மேல் வைத்த பேட்டரி இரண்டு மூன்று வருஷம் தாங்கினால் பெரிது. அது செத்துப்போனது பகலில் தெரியாது. கரண்ட் போகும்போது பேனலும் சேர்ந்து அணையும். கரண்ட் திரும்பியதும் பேனல் 'நான் பூட்டப்பட்ட நிலையில் (காவல் பார்க்கிற நிலையில்) இருந்தேன்' என்று நினைவுபடுத்திக்கொண்டு எழும். ஆனால் ஆள் நடமாட்டம் பார்க்கிற பி.ஐ.ஆர். சென்சார் நிலைக்கு வர அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை ஆகும். அந்த நேரத்துத் தடுமாற்றத்தை ஆள் புகுந்ததாகப் பேனல் எடுத்துக்கொள்ளும். கரண்ட் வந்த கையோடு தெருவில் நாலு கடை ஒன்றாக அலறினால் காரணம் இதுதான்.

சோதிப்பது சுலபம். மெயினை அணையுங்கள். அலறுகிற ஒலிப்பானான ஹூட்டரை ஓட விடுங்கள், பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு. மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் 12 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. ஒரு நிமிஷத்துக்குள் 11-க்குக் கீழே விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மெயின் இருக்கும்போது சார்ஜிங் 13.6 முதல் 13.8 வரை இருக்கணும். 14.2-க்கு மேல் போனால் புதுப் பேட்டரியும் சீக்கிரமே வீங்கிவிடும். மாட்டிய மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள். பில்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது பல்லி. பி.ஐ.ஆர். பெட்டியின் பின்னால் ஒயர் வருகிற ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பல்லியும் எறும்பும் குடியேறும். சென்சார் கண்ணுக்கு ஒரு அங்குலத்தில் நகர்கிற பல்லி, பத்தடி தூரத்து மனிதனைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த ஓட்டையைச் சிலிக்கானால் அடைத்துவிட்டால் பாதித் தொல்லை போச்சு. பெட்டியை ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டணும். ஷட்டரையோ வெயில் விழும் கண்ணாடியையோ பார்க்கக் கூடாது; ஏ.சி. காற்று வாய்க்கும் சாமி படத்து விளக்குக்கும் நேராக இருக்கக் கூடாது. எத்தனை அசைவுக்குப் பிறகு தூண்டணும் என்று அமைக்கிற பல்ஸ் கவுண்ட் ஜம்பர் உள்ளே இருந்தால் 2-ல் வையுங்கள்.

மூன்றாவது ஷட்டர். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஷட்டரை உலுக்கும்போது, அது திறப்பதை உணர்கிற காந்தத் தொடர்பு விட்டு விட்டு அறுபடும். கதவுக்கு விற்கிற சின்ன காந்தத்தை ஷட்டருக்கு மாட்டுகிறார்கள், அதுதான் தப்பு. தரையில் பதிக்கிற, 5 சென்டிமீட்டர் இடைவெளி வரை தாங்குகிற கனமான ஷட்டர் காந்தம் தனியாகக் கிடைக்கிறது. ஷட்டர் இரண்டு பக்கமும் ஆடாமல் மர ஆப்பு வைத்தால் இன்னும் நல்லது. அதிர்வு சென்சார் என்றால், ஒரே தட்டுக்கு அலறாமல் அரை நிமிஷத்துக்குள் இரண்டு தட்டு வந்தால் மட்டும் அலறும்படி அமைக்கலாம். டவுனில் ரத வீதிக் கடைக்காரர்கள் ஆனித் தேரோட்டத்துக்கு முன்னாடியே இதைச் சரிபார்ப்பது நல்லது. அன்றைக்கு வேட்டும் மேளமும் தெருவையே அதிரவைக்கும்.

டவுன் பாத்திரக்கடை

ஹூட்டரை எவ்வளவு நேரம் அலற விடணும்? மூன்று நிமிஷத்தில் நின்றுவிட்டால், நிற்கட்டும் என்று திருடன் காத்திருப்பானே?

வண்ணார்பேட்டை சர்வீஸ்

அவன் காத்திருக்கமாட்டான். முதல் நிமிஷத்தில் ஓடாதவன் முப்பது நிமிஷம் அலறினாலும் ஓடமாட்டான். 3 முதல் 5 நிமிஷம் போதும். அதற்குப் பிறகு வெளியே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கட்டும். ஒரே சென்சார் மூன்று தடவைக்கு மேல் தூண்டினால் மறுபடி பூட்டும்வரை அதை ஒதுக்கிவைக்கிற வசதி ஓரளவு நல்ல பேனல்கள் பலவற்றில் உண்டு. பொருத்துகிறவர்கள் அதை ஆன் செய்வதில்லை, அவ்வளவுதான்.

சத்தக் கணக்கையும் பாருங்கள். ஹூட்டர் மேல் 110 டெசிபல் என்று போட்டிருந்தால் அது 1 மீட்டர் தூரத்துக் கணக்கு. தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். திறந்த வெளியில் 10 மீட்டரில் 90, 40 மீட்டரில் 78. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வந்து விழுவது இந்த அளவுதான்.

இன்னொன்று. அலறும்போது வாட்ச்மேன் ஓடிப்போய் மெயின் பியூஸைப் பிடுங்குவார், சத்தம் நிற்காது. வெளிச் சுவரில் இருக்கிற சைரன் சிலதில் சொந்தப் பேட்டரி இருக்கும். பேனலில் இருந்து வருகிற கரண்ட் அறுந்தால் 'யாரோ ஒயரை வெட்டிவிட்டார்கள்' என்று அது தானாகவே கத்த ஆரம்பிக்கும். முதலில் பேனலைப் பூட்டித் திறக்கிற ரகசியக் கோடு எண்ணைப் போட்டு நிறுத்தணும். பிறகு எந்தச் சென்சார் தூண்டியது என்று பேனலின் பதிவில் பார்த்து அதை மட்டும் ஒதுக்கணும். முழுசாக அணைத்தே ஆகவேண்டும் என்றால் சைரன் மூடியைத் திறந்து அதன் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, அடுத்துப் பேனல் பேட்டரி, கடைசியாக மெயின்.

தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்

திருட்டு அலாரத்துக்குச் சொன்னதைத் தீ அலாரத்துக்குப் பொருத்திவிடாதீர்கள். தீ அலாரம் நேரக் கணக்கில் தானாக நிற்கக் கூடாது. ஒரு ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் நிறுத்தணும்.

பொய் அலாரம் வருகிற வழி வேறு. புகை உணர்கிற டிடெக்டருக்கு எது புகை, எது ஆவி, எது தூசி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே இருக்கிற ஒளிக்கற்றையை எது சிதறடித்தாலும் தீதான். சாம்பிராணி, தாளிப்புப் புகை, வெந்நீர் ஆவி, சுவர் தேய்க்கும் தூள், மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றி வருகிற ஈசல், எல்லாம் ஒன்று. அடுப்படியில் புகை டிடெக்டர் மாட்டவே கூடாது. அங்கே 57 டிகிரி அளவில் தூண்டப்படுகிற வெப்ப டிடெக்டர்தான். தகரக் கூரைக்குக் கீழே என்றால் அதைவிட உயர்ந்த அளவு வாங்கணும். வைகாசி வெயிலில் கூரையடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளையடிக்கும்போது டிடெக்டருக்கு மூடி போடுவது சரி. வேலை முடிந்த அன்றே அதைக் கழற்றணும். மஞ்சள் மூடியோடு வருஷக்கணக்கில் தொங்குகிற டிடெக்டர்களை ஆய்வுக்குப் போகிற இடத்திலெல்லாம் காணலாம். அது பொய் அலாரத்தைவிட மோசம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேக்குவம் கிளீனரால் தூசி எடுத்தால் போதும். தண்ணீர்த் துணி வேண்டாம்.

பெரிய அடுக்ககங்களில் இரண்டு நிலையாக அமைப்பது நல்லது. ஒரு டிடெக்டர் மட்டும் தூண்டினால் முதலில் காவலாளி அறையில் மட்டும் ஒலி. இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் அவர் போய்ப் பார்த்து உறுதி செய்யணும், இல்லாவிட்டால் கட்டடம் முழுக்க ஒலி. இரண்டாவது டிடெக்டர் தூண்டினாலோ, மாடிப்படிச் சிவப்புப் பெட்டியை யாராவது அழுத்தினாலோ காத்திருப்பு கிடையாது. அந்தச் சிவப்புப் பெட்டி சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். தூக்கித் திறக்கிற பிளாஸ்டிக் மூடி மாட்டினால் சரியாகிவிடும். பூட்டுப் போடுகிறார்கள் சில இடத்தில். அது கூடவே கூடாது.

அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவர்

பொய் அழைப்பில் விளையாட்டுக்குச் செய்கிறவனைவிட எந்திரம் செய்வதுதான் தொல்லை. அலாரம் அடித்ததும் சிம் வழியாகத் தானே போன் போடுகிற ஜி.எஸ்.எம். ஆட்டோ டயலரில் 100, 101, 112 எண்களைப் பதிந்து வைக்கிறார்கள். அலாரம் தூண்டியதும் அது பதிவான குரலை ஓட்டும். எந்தக் கடை, எந்தத் தெரு என்று கேட்டால் பதில் இருக்காது. திருப்பி அழைத்தால் எடுக்க ஆள் இல்லை. அது பேனலுக்குள் இருக்கிற சிம். தயவுசெய்து அந்த எண்களை அழித்துவிட்டு உரிமையாளர், மேனேஜர், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒருவர் என்று மூன்று முதல் ஐந்து எண் வையுங்கள். மனிதர் பார்த்து, மனிதர் 112-க்குச் சொல்லட்டும். அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டால் அது யாரையும் கூப்பிடாது என்பதும் நினைவிருக்கட்டும். பழைய பேனல்கள் 2ஜி மட்டும் எடுக்கும். 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம் அதில் வேலை செய்யாது.

கைபேசியிலும் இதே கதை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து தடவை தட்டினால் அவசர அழைப்பு போகும். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112. சட்டைப் பையில் அழுந்தியோ பிள்ளைகள் கையிலோ போய்விட்டால் பதறி அடித்து வெட்டாதீர்கள். வெட்டினால் என்னமோ ஏதோ என்று திருப்பி அழைக்கத்தான் செய்வார்கள். 'தவறுதலாக வந்துவிட்டது, ஆபத்து ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு வையுங்கள். போன் அமைப்புகளில் கவுன்ட்டவுன் வைத்துக்கொண்டால், அழைப்பு போகும் முன்பே நிறுத்த நேரம் கிடைக்கும்.

108-ல் நடப்பது வேறு. கூப்பிட்டுவிட்டு, பொறுக்க முடியாமல் ஆட்டோவில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். போவதில் தப்பில்லை. மறுபடி ஒரு அழைப்பு போட்டு ரத்து செய்யணும். இல்லாவிட்டால் அந்த வண்டி காலி வீட்டு வாசலில் நிற்கும்போது இன்னொருத்தருக்கு வண்டி இருக்காது. ஊர்ப் பெயரும் குழப்பும். கீழநத்தம், மேலநத்தம் என்று ஒலி ஒத்த பெயர்கள் நம் பக்கம் ஏராளம். 108 மையம் சென்னையில் இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மூர் தெரியாது. தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், கோயிலோ ரேஷன் கடையோ ஒரு அடையாளம், இந்த வரிசையில் சொல்லுங்கள். நான்கு வழிச்சாலை விபத்துக்குப் பத்துப் பேர் அழைப்பது பொய் அழைப்பு ஆகாது. அதற்குப் பயந்து யாரும் அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பாளை வழக்கறிஞர்

சட்டத்துக்கு வருவோம். கட்டட அலாரத்தைக் குறித்து நம்மிடம் பொதுச் சட்டங்களைக் கொண்டுதான் வேலை நடத்த வேண்டியிருக்கிறது.

முதன்மையானது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். இரவு என்றால் ராத்திரி 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் 55, இரவு 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. இந்த அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் போனால் புகார் கொடுக்கலாம். மேலே சர்வீஸ்காரர் சொன்ன 78-ஐ வைத்துப் பாருங்கள், எங்கேயோ போகிறது. ஆனால் இந்த அளவுகள் கொஞ்ச நேரத்துச் சராசரியாகக் கணக்கிடப்படுபவை என்பதால், மூன்று நிமிஷம் அலறி நிற்பதை அளந்து நிரூபிப்பது கஷ்டம். விடிய விடிய அலறுவதற்குத்தான் இது கைகொடுக்கும். சத்தம் எழுப்பும் எந்தக் கருவியையும் கட்டுப்படுத்தி எழுத்துமூலம் உத்தரவிட 8-வது விதி அதிகாரம் தருகிறது. மாநகரில் காவல் ஆணையர், வெளியே ஆட்சியர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி.

நடைமுறையில் இப்படிப் போங்கள். முதலில் ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய மணி, நின்ற மணி எழுதி வையுங்கள். கைபேசி டெசிபல் செயலியின் அளவு சாட்சியாக நிற்காது. ஆனால் கடிகாரம் தெரிய எடுத்த வீடியோ உதவும். உரிமையாளருக்கு எழுத்துமூலம் கொடுத்து நகல் வையுங்கள். கேட்கவில்லை என்றால் காவல் நிலையம். மனுவை ஏற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-வது பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு. பழைய நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இது. பொதுத் தொல்லைக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 292-ல் ஆயிரம் ரூபாய் வரைதான் அபராதம். அதனால் தண்டனையை நம்புவதைவிடத் தொல்லையை அகற்றும் உத்தரவை வாங்குவதுதான் பலன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுவும் கடைசியில் இதே மேசைக்குத்தான் சுற்றி வரும்.

தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து அரசு ஊழியரை வேலையில் இறக்குவது பி.என்.எஸ். 217. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்திரம் தவறாக அழைத்ததற்கு இது வராது, தெரிந்தே செய்யணும்.

இங்கிலாந்தில் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி அறிவித்த பகுதிகளில் சாவி வைத்திருப்பவரின் விவரத்தைப் பதிவு செய்யணும். 20 நிமிஷம் தொடர்ந்தோ, விட்டு விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலோ அலறினால் அதிகாரி சில நிபந்தனைகளோடு உள்ளே போய் நிறுத்தலாம். நமக்கு அந்தப் பதிவுதான் தேவை. வியாபாரிகள் சங்கமே தெருவாரியாகச் செய்யலாம், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

டவுன் பாத்திரக்கடை

சாவி வைத்திருப்பவரின் போன் எண்ணை ஷட்டரிலேயே எழுதிப் போட்டுவிடலாமா?

வண்ணார்பேட்டை சர்வீஸ்

வேண்டாம் அண்ணாச்சி. கடையில் ராத்திரி ஆள் இல்லை என்று நாமே அறிவித்த மாதிரி ஆகிவிடும். ஸ்டேஷனில் ஒரு நகல், தெருக் காவலாளியிடம் ஒரு நகல், எதிர்க்கடையில் ஒன்று. உள்ளூரில் இல்லாதவர் எண்ணைக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. சாவியும் கோடு எண்ணும் தெரிந்தவராக, இருபது நிமிஷத்தில் வரக்கூடியவராக இருக்கணும்.

விட்டுப்போன ஒன்று: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த கடைகள். பேனலைக் காயவைத்து மறுபடி ஓட்டியவர்கள், ஒவ்வொரு சென்சார் ஒயரின் கடைசியிலும் இருக்கிற சின்ன மின்தடையைப் பாருங்கள். அதன் கம்பிக் கால் பச்சை பூத்து மதிப்பு மாறியிருக்கும். ஈரக்காற்று அடித்தால் ஒயர் இணைப்பு திறந்ததாகப் பேனல் நினைக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும். அதனால்தான் மெக்கானிக் பகலில் வரும்போது குறையே தெரிவதில்லை. மாற்றும்போது பழையதன் நிற வளையத்தைப் பார்த்து அதே மதிப்பில் வாங்குங்கள். 2.2 கிலோ ஓம் இருந்த இடத்தில் 4.7 மாட்டினால் பேனல் பூட்டவே விடாது. சாமான் விலை ஒரு டீக்காசுகூட வராது.