வளர்ந்துவிட்டோம் என்று உணரவைத்த கதை எது, கவிதை எது?

சிறுபிராயம் முடிகிற இடத்தைத் தொட்டுப் பேசும் சிறுகதைகளும் கவிதைகளும் தமிழில் நிறைய உண்டு. அவற்றை இங்கே ஆய்வுக் கட்டுரை மாதிரி அலச வேண்டாம். எந்த வயதில் படித்தீர்கள், படித்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதினால் போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்தில் படித்தேன். ஒரு சிறுமி வயதுக்கு வருகிறாள். அந்த நேரம் பார்த்து அம்மா வெளியூரில் இருக்கிறாள். சுற்றியிருப்பவர்கள் பேசுவது எதுவும் அவளுக்குப் புரியவில்லை, பயம்தான் கூடுகிறது. அம்மா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவும் வருகிறாள், உறவுப் பெண்ணைக் கறுப்பு என்று சொல்லி மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்ட ஆத்திரத்தோடு. அந்த ஆத்திரத்தில் மகளைப் பார்த்து, இதற்கு இப்போது என்ன அவசரம், இனி இது வேறு ஒரு பாரம் என்று சொல்லிவிடுகிறாள். கொலை அதுதான்.

படித்துவிட்டு வெகு நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கதையின் முற்பகுதியில் அந்தப் பெண்ணின் கண் வழியாக அம்மாவை அத்தனை பேரழகியாக, கிட்டத்தட்ட ஒரு தெய்வமாகவே காட்டியிருப்பார். அதனால்தான் அந்த ஒரு பேச்சு அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. ஊர் பேசுகிறதை அம்மாவும் பேசுவாள் என்று தெரிந்துகொள்கிற நாளில் ஒரு பெண்ணின் குழந்தைப்பருவம் முடிகிறது. இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. பிற்பாடு படித்தபோது அம்மாவின் பயமும் கண்ணில் பட்டது. ஆனாலும் என்னால் முழுதாக அவள் பக்கம் போக முடியவில்லை.

* * *

நல்ல தொடக்கம். நான் நேர்மாறான வயதிலிருந்து எழுதுகிறேன், பணி ஓய்வு பெற்றவன்.

புறநானூற்றில் 243ஆம் பாட்டு. மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடி, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி 'துடும்' எனக் குதித்து, ஆழத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டிய அந்த 'கல்லா இளமை' இப்போது எங்கே என்று கேட்கிறார் ஒரு முதியவர். கையில் பூண் போட்ட தடி. இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. அந்தத் தடியைச் சொன்ன சொற்களாலேயே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் நிலைத்துவிட்டது. இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

மாணவனாக இதைப் படித்தபோது குதிக்கிறவன் மட்டும்தான் தெரிந்தான். அந்தப் பையன் ஏன் மணலை அள்ளிக்கொண்டு வருகிறான் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அடிமட்டம் வரை போனேன் என்பதற்கு அத்தாட்சி. பதின்வயதில் எல்லாருக்கும் அப்படி ஒரு பிடி மணல் வேண்டியிருக்கிறது. வளரும் பருவத்தை எழுத வருகிற இன்றைய கவிஞர்கள் வலியையே அதிகம் எழுதுகிறார்கள். வலி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதின் துணிச்சலையும் உடம்பின் களிப்பையும் இந்தப் பாட்டு அளவுக்குச் சொன்ன வேறொன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

ஐயா சொன்ன 'அத்தாட்சி' என்னை கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' பக்கம் கொண்டுபோய்விட்டது.

குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர் கதை சொல்கிறார். எல்லாக் குழந்தைகளும் அவர்மேல் விழுந்து புரள, சாரங்கன் என்ற பையன் மட்டும் சற்றுத் தள்ளியே நிற்கிறான். டைரி மற்றவர்களுக்குக் கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். உபசரிக்கிறான். கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததுபோல எழுதித் தரச் சொல்கிறான்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிள்ளை மனசு, பிள்ளை மனசு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தக் கடைசி வரியில் வளர்கிறவர் பெரியவர். தான் எல்லாரிடமும் ஒரே மாதிரி அன்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, பேனாவைக் கையில் வாங்கும்போதுதான் தான் யாரைப் பார்க்கத் தவறினோம் என்று விளங்குகிறது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையும் இப்படித்தான். வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் சிறுமிக்கு, தான் தின்னாமல் கையிலேயே வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை ரயிலில் ஒரு சின்னப் பையன் கொடுத்துவிடுகிறான். அவன் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறான், உடம்பு சிலிர்ப்பது பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு. இரண்டு கதையையும் சொல்வது பெரியவரின் குரல் என்பதைக் கவனியுங்கள். குழந்தையின் குரலில் சொல்லியிருந்தால், அந்தக் குழந்தைக்கே தெரியாத ஒன்றை அதன் வாயில் திணிக்க வேண்டியிருக்கும்.

நானும் கதை எழுதிப் பார்க்கிறவன் என்பதால் இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையின் திருப்பத்தை அந்த நிமிஷமே புரிந்துகொண்டு, அதைத் தெளிவான வாக்கியத்தில் சொல்லி முடிக்கிற கதைகளை என்னால் நம்ப முடிவதில்லை. சாரங்கன் டைரியை நீட்டுகிறான். அதற்கு மேல் அவன் எதையும் விளக்கவில்லை, விளக்கவும் கூடாது.

* * *

அக்கா தொடங்கிவைத்த கதைக்குப் பதில் மாதிரி ஒரு பாட்டு என் நினைவில் இருக்கிறது. நற்றிணை 110, போதனார் பாடியது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, சின்னக் கோலைக் காட்டி 'உண்' என்று செவிலியர், அதாவது வளர்ப்புத் தாய்மார், துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்க ஓடி ஓடி அவர்களைக் களைக்கவைத்த சிறு பெண், இப்போது கணவன் வீடு வறுமைப்பட்டபோதும் தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாளாம். 'அறிவும் ஒழுக்கமும் யாண்டுணர்ந்தனள் கொல்' என்று தாய் வியக்கிறாள்.

என் மகள் வேலைக்காக வீட்டை விட்டுப் போன வருஷம் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாம் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளை எங்கோ கற்றுவிட்டது என்ற திகைப்பு அப்படியே எனக்குள்ளும் இருந்தது. மகளுக்கு அனுப்பினேன். அவளுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. பட்டினி கிடக்கிறதைப் பக்குவம் என்று கொண்டாடுவது என்ன நியாயம், அவளுக்குப் பசித்ததா என்று அந்தப் பாட்டில் யாராவது கேட்டார்களா என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அப்புறம் நாங்கள் இருவரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தத் தாயின் வியப்பில் பெருமை மட்டும்தான் இருக்கிறது என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடியில் ஒரு கலக்கமும் இருக்கிறது. அவளோ, அந்தப் பெண்ணே பேசுகிற மாதிரி ஒரு கவிதை எழுதியே தீருவேன் என்கிறாள். முதல் நாலு வரி வந்திருக்கிறது. பால் கிண்ணத்தைக் கண்டு ஓடியதற்கான காரணத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.