ஒடிசா பெண்கள் நாலு பேரின் சம்பளப் பாக்கி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கும் மிஷினில், சைடு பார்க்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒடிசா பெண்கள் நாலு பேருக்கு 3 மாதச் சம்பளம் வரவில்லை. எல்லாருக்கும் 19, 20 வயதுதான். போன ஆடியில் கான்ட்ராக்டர் கூட்டி வந்தவர்கள். தினம் 12 மணி நேரம் நின்றார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். இவர்களுக்கு ஒற்றைச் சம்பளமே இல்லை.

மேனேஜர் கான்ட்ராக்டரைக் கேள் என்கிறார். கான்ட்ராக்டர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷனில் மனு ரசீதோடு சரி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு தொழிலாளர் துறைக்குப் போயிருக்கிறது. அங்கே சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். இவர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சரி, பிஎஃப் கணக்கையாவது பார்க்கலாம் என்றால், அதில் பதிந்திருப்பது கான்ட்ராக்டர் நம்பர். ஓடிபி அவனுக்குத்தான் போகிறது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

கையில் இருப்பது ஹாஸ்டல் கேட் பாஸ், முதல் மாதச் சம்பளம் ஜிபேயில் வந்த பதிவு, மிஷின் பக்கத்தில் எடுத்த போட்டோக்கள். நானும் சாட்சி சொல்லத் தயார்.

சம்பளச் சீட்டு இல்லாமல், இவற்றை வைத்தே அங்கே வேலை பார்த்ததை நிரூபிக்க முடியுமா?